போனை மாற்றுமுன் ஒரு கணம் நில்லுங்கள்!



ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோகும்போது நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள்! காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகைநட்டு என்பவற்றை வேறாக எடுத்துக் கைப்பையில் வைக்கிறீர்கள். பாத்திரம் பண்டங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறீர்கள். கடைசி லொறி புறப்பட்ட பின்னரும் ஒருமுறை உள்ளே வந்து, அலுமாரி, பரண், குசினி மூலை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் திறப்பை உரிமையாளரிடம் கொடுக்கிறீர்கள்.

கையடக்கத் தொலைபேசியை மாற்றும்போது இந்தக் கவனம் எங்கே போய்விடுகிறது?

இன்று நமது குடும்பங்களில் போன் என்பது வெறும் போன் அல்ல. பிள்ளைகளின் சிறு பராயப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. வெளிநாட்டில் தொழில் புரியும் கணவரோடு வருடக்கணக்காகப் பேசிய பேச்சு அதில்தான் இருக்கிறது. மௌத்தான தாய் தந்தையரின் குரல்கூடப் பலரிடம் அதில் மட்டுமே இருக்கிறது. முன்பு அல்பத்திலும், கடிதக் கட்டிலும், கெசட்டிலும் பிரிந்து கிடந்தவையெல்லாம் இப்போது ஒரு கையளவுப் பொருளுக்குள் அடங்கிவிட்டன. அதை மாற்றுவது வீடு மாறுவதற்குச் சமமானது.

அதிலும், அண்ட்ரொய்ட் போன் பாவித்த ஒருவர் ஐபோனுக்கு மாறுவதோ, ஐபோன் பாவித்தவர் அண்ட்ரொய்டுக்கு மாறுவதோ வீடு மாறுவதல்ல, நாடு மாறுவது. அங்கே சட்டம் வேறு, வழக்கம் வேறு. எதைக் கொண்டு போகலாம், எது எல்லையிலேயே நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு நாடுகள்

ஐபோனை அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2007 ஜனவரியில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதே வருடம் ஜூன் மாதம் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அண்ட்ரொய்ட் என்பது 2003இல் தொடங்கப்பட்ட ஒரு சிறிய கொம்பனியின் பெயர். 2005இல் கூகுள் அதை வாங்கியது. முதலாவது அண்ட்ரொய்ட் போன் 2008இல் கடைக்கு வந்தது.

அப்பிளின் இயங்குதளம் அப்பிளின் போன்களில் மட்டுமே உண்டு. அண்ட்ரொய்டையோ சம்சுங், ஒப்போ, விவோ, ரெட்மி எனப் பல பெயர்களிலுள்ள போன்கள் பாவிக்கின்றன. எனவே சம்சுங்கிலிருந்து ஒப்போவுக்கு மாறுவது ஒரே நாட்டுக்குள் ஊர் மாறுவது போன்றது. கூகுள் கணக்கும் அதன் கடவுச்சொல்லும் ஞாபகத்தில் இருந்தால் பெரும்பாலான சாமான்கள் பின்னாலேயே வந்து சேரும். ஐபோனுக்கு மாறும்போது அப்படி நடப்பதில்லை.

ஏன்? தொழில்நுட்பம் மட்டும் அதற்குக் காரணமல்ல. வாடிக்கையாளர் வெளியேறாமல் இருப்பதில் கொம்பனிகளுக்கு நன்மை இருக்கிறது. எபிக் கேம்ஸ் என்ற நிறுவனம் அப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021இல் அப்பிளின் உள் மின்னஞ்சல்கள் சில வெளியாகின. அவற்றுள் ஒன்று 2013ஆம் ஆண்டுக்குரியது. அப்பிளின் குறுஞ்செய்திச் சேவையை அண்ட்ரொய்டுக்கும் கொடுத்தால், ஐபோன் பாவிக்கும் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு அண்ட்ரொய்ட் போன் வாங்கிக் கொடுப்பதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்ற கவலையை அதன் உயர் அதிகாரி ஒருவர் அதில் எழுதியிருந்தார். தாய்மார்களே, கவனியுங்கள்: அங்கே பேசப்பட்டது உங்களைப் பற்றியும் உங்கள் பிள்ளைகளைப் பற்றியுமாகும்.

2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் திணைக்களம் அப்பிளுக்கு எதிராக ஏகபோக வழக்கொன்றைத் தொடுத்தது. பாவனையாளர்கள் வேறு போனுக்கு மாறுவதைக் கடினமாக்குகிறது என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. அப்பிள் அதை மறுத்துள்ளது. மறுபக்கம் தூய்மையானது என்றும் எண்ணிவிட வேண்டாம். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. நம்மைப் பற்றி அறிந்து வைத்திருப்பது அதன் வியாபாரத்தின் ஒரு பகுதி.

ஆகவே, எந்தக் கொம்பனியும் நமது குடும்பச் சொத்துக்குக் காவலாளி அல்ல. காவல் நம்முடைய வேலை.

எது வரும், எது வராது?

அண்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவோருக்கென 2015 செப்டெம்பரில் அப்பிள் ஒரு செயலியை வெளியிட்டது. "மூவ் டு ஐஓஎஸ்" என்பது அதன் பெயர். பழைய போனில் பிளே ஸ்டோருக்குப் போய் இலவசமாக எடுக்கலாம். தொலைபேசி இலக்கங்கள், குறுஞ்செய்திகள், கெமராவில் எடுத்த படங்கள், வீடியோக்கள், நாட்காட்டிக் குறிப்புகள், மின்னஞ்சல் கணக்குகள் முதலியவற்றை அது கொண்டு வரும். இரண்டு நாட்டிலும் கிடைக்கும் இலவசச் செயலிகள் சிலவற்றையும் புதிய போனில் ஏற்றித் தரும்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் வராது. பிளே ஸ்டோரில் கொடுத்த பணத்தை அப்பிளின் கடை ஏற்றுக்கொள்வதில்லை. மீண்டும் வாங்க வேண்டும். போனில் இறக்கி வைத்த பயான் ஒலிப்பதிவுகள், நூல்கள் போன்றவற்றை நாமே பார்த்து மாற்ற வேண்டி வரும். செயலிகளுக்குள் இருக்கும் விடயங்கள் அந்தந்தச் செயலியைப் பொறுத்தவை. குர்ஆன் செயலியில் நீங்கள் ஓதி நிறுத்திய இடம், மனனமிட அடையாளம் செய்த ஆயத்துகள் என்பன, அந்தச் செயலியில் நீங்கள் கணக்குத் திறந்திருந்தால் ஒழிய, வருவது நிச்சயமில்லை. ஒரு கொப்பியில் குறித்துக் கொள்ளுங்கள்.

தொலைபேசி இலக்கங்கள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன என்பதையும் பார்க்க வேண்டும். சிலரிடம் பாதி சிம்மிலும், பாதி போனிலும், மீதி கூகுள் கணக்கிலும் இருக்கும். எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு மாற்றிவிட்டு, பின்னர் அந்தக் கணக்கை ஐபோனில் சேர்த்து, 'தொடர்புகள்' என்பதைத் திறந்துவிட்டால் ஓர் இலக்கமும் தவறாது.

இன்னொன்று மெமரி காட். பல அண்ட்ரொய்ட் போன்களில் படங்கள் அதில்தான் சேர்கின்றன. ஐபோனில் மெமரி காட் போட இடமே கிடையாது. காட்டில் உள்ளதும் போனில் உள்ளதும் சேர்ந்து புதிய ஐபோனின் கொள்ளளவுக்குள் அடங்குமா என்பதை முதலில் கூட்டிப் பாருங்கள். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அப்பிளின் ஐகிளவுட்டில் 5 ஜிபி மட்டுமே. 2021 ஜூன் முதலாந் திகதியிலிருந்து கூகுள் போட்டோஸ் அளவற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. "எல்லாம் மேலே சேமிக்கப்பட்டிருக்கும்" என்று நினைத்திருப்பவர்கள் ஒருதரம் திறந்து பார்ப்பது நல்லது. இடம் நிறைந்து, அது எப்போதோ நின்று போயிருக்கலாம்.

குரல்கள் தொலையும் இடம்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

நமது நாட்டில் குடும்பப் பேச்சு நடப்பது குறுஞ்செய்தியில் அல்ல, வட்ஸ்அப்பில். எழுத வாசிக்கக் கஷ்டப்படும் உம்மும்மா கூட ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து 'வொய்ஸ்' அனுப்பப் பழகிவிட்டார். ரியாதிலுள்ள பேரனுக்கு அவர் அனுப்பிய துஆக்கள், நோய்ப் படுக்கையிலிருந்து வாப்பா சொன்ன நாலு வார்த்தைகள், பிள்ளையின் முதல் மழலை, எல்லாமே அங்கே இருக்கின்றன.

போனை மாற்றிச் சில வாரங்கள் கழிந்த பின்னர்தான் வீட்டில் அந்தக் கேள்வி எழும்: "வாப்பா மௌத்தாகுறதுக்கு முந்தி எனக்கொரு வொய்ஸ் அனுப்பியிருந்தாரே, அது எங்க மகன்?" மகன் தேடுவார். வட்ஸ்அப் காலியாக இருக்கும். பழைய போன் எங்கே? அது சாச்சியின் மகனுக்குக் கொடுத்து, அவர் அதை அழித்துப் புதிதாக்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் அன்றிரவு இரண்டாவது முறையாக ஒரு மையித்து விழுந்தது போலிருக்கும். இது கற்பனையாகச் சொல்லும் பேச்சல்ல. நம்மிடையே பல வீடுகளில் நடந்து முடிந்த விடயம்.

காரணத்தை விளங்கிக் கொள்வோம். அண்ட்ரொய்டில் வட்ஸ்அப் தனது பெக்கப்பைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. ஐபோனில் அதே வட்ஸ்அப் தனது பெக்கப்பை ஐகிளவுட்டில் வைக்கிறது. ஒன்று மற்றதைத் திறக்காது. "பெக்கப் எடுத்திருக்கிறேன், பயமில்லை" என்று சொல்லும் சகோதரி, ஐபோனில் வட்ஸ்அப்பைத் திறக்கும்போது அந்தப் பெக்கப் கண்ணுக்கே தெரியாது.

வட்ஸ்அப் 2009இல் ஆரம்பிக்கப்பட்டது. அதற்குப் பின் பல வருடங்கள் இந்த எல்லையைக் கடக்க முறையான வழி எதுவும் இருக்கவில்லை. ஐபோனிலிருந்து சம்சுங் போன்களுக்கு மாற்றும் வசதி முதன்முதலாக 2021இல் வந்தது. அண்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு மாற்றும் வழி 2022 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன "மூவ் டு ஐஓஎஸ்" செயலியின் ஊடாகவே அது நடைபெறுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஐபோன் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். அல்லது முற்றாக அழித்துப் புதிதாக்கப்பட்டிருக்க வேண்டும். முதன்முதலில் போனைத் திறந்து தயார் செய்யும் அந்த வேளையிலேயே மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

இங்குதான் நமது அவசரம் குறுக்கே நிற்கிறது. பெட்டியை உடைத்தவுடன் ஐபோனைத் திறந்து, எல்லாவற்றுக்கும் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தி, சிம்மைப் போட்டு, வட்ஸ்அப்பை இறக்கி, இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறோம். எல்லையின் வாசல் அப்போதே மூடப்பட்டுவிடுகிறது. அப்படி நடந்துவிட்டாலும் பழைய போன் கையில் இருக்குமானால் பதற்றம் வேண்டாம். வட்ஸ்அப்பைப் பழைய போனில் அழிக்காதீர்கள். ஐபோனின் செட்டிங்ஸில் அதனை முற்றாக அழித்து, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருநாள் பாவித்த ஐபோனை அழிப்பதால் இழப்பது சொற்பம். காப்பாற்றுவது அதிகம்.

மாற்றும் இரவு

இதனைப் பகலில், பிள்ளைகள் ஓடித் திரியும் நேரத்தில் செய்யாதீர்கள். இஷாவுக்குப் பின், வீடு அடங்கிய வேளை பொருத்தமானது. இரண்டு சார்ஜர்களையும் எடுத்து இரண்டு போன்களையும் மின்சாரத்தில் போட்டுவிடுங்கள். படங்கள் அதிகமென்றால் சில மணித்தியாலங்கள் ஆகலாம்.

முதலில் பழைய போனில் வட்ஸ்அப்பைப் புதுப்பித்துக் கொள்ளுங்கள். பழைய வழக்கப்படி ஒரு பெக்கப்பும் எடுங்கள். இரண்டு போனிலும் ஒரே இலக்கத்தையே பாவிக்கப் போகிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். இலக்கமும் மாறுகிறதென்றால், முதலில் போனை மாற்றி முடியுங்கள். இலக்கத்தைப் பின்னர் மாற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள்.

ஐபோனைத் திறந்து மொழி, நாடு, வைஃபை என்பவற்றைக் கொடுத்து வரும்போது, உங்கள் தரவுகளை எங்கிருந்து கொண்டு வருவது என்று அது கேட்கும். 'அண்ட்ரொய்டிலிருந்து' என்பதைத் தொடுங்கள். ஐபோனில் ஓர் இரகசிய எண் தோன்றும். அதைப் பழைய போனில் திறந்துள்ள "மூவ் டு ஐஓஎஸ்" செயலியில் அடியுங்கள். என்னென்ன வேண்டுமென ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் வட்ஸ்அப்பைத் தெரிவு செய்வதுதான் முக்கியம். பலர் படங்களையும் இலக்கங்களையும் தெரிவு செய்துவிட்டு இதைக் கவனிப்பதில்லை. தெரிவு செய்தவுடன் பழைய போனின் வட்ஸ்அப் தனது சாமான்களைக் கட்டி, அந்தப் போனிலிருந்து வெளியேறும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அதன் பின்னர் இரண்டு போன்களையும் தொடாதீர்கள். பழைய போனில் அழைப்பு வந்து எடுத்தாலோ, இன்னொரு செயலியைத் திறந்தாலோ மாற்றம் இடையில் நின்றுவிடலாம். பழைய போனின் மொபைல் டேட்டாவை நிறுத்தி வைப்பதும் உதவும். முடிந்த பின்னர் ஐபோனில் வட்ஸ்அப்பை இறக்கி, அதே இலக்கத்தைக் கொடுத்து, கேட்கும் இடத்தில் அனுமதி கொடுங்கள்.

இப்போது வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மிகப் பழைய உரையாடல் ஒன்றைத் திறந்து மேலே மேலே போங்கள். ஒரு வொய்ஸை அழுத்திக் கேளுங்கள். மௌத்தானவரின் குரல் பேசுகிறதா? ஒரு பழைய படம் திறக்கிறதா? பெயர் மட்டும் வந்து உள்ளே காலியாக இருப்பதும் உண்டு. பேசிய அழைப்புகளின் பட்டியல் மட்டும் வராது. அதில் பெரிய இழப்பு எதுவுமில்லை.

இவ்வளவும் செய்தாலும், மிக அருமையான குரல்களை இந்த ஒரு வழியை மட்டும் நம்பி விடாதீர்கள். அண்ட்ரொய்டில் ஒவ்வொரு வொய்ஸும் தனித்தனிக் கோப்பாக, வட்ஸ்அப்பின் கோப்புறைக்குள் 'வொய்ஸ் நோட்ஸ்' என்ற இடத்தில் இருக்கின்றன. கேபிள் ஒன்றினால் போனைக் கணினியோடு இணைத்து, அந்தக் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து, ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். ஓபஸ் என்ற வகையைச் சேர்ந்த அக்கோப்புகளை விஎல்சி என்ற இலவச மென்பொருள் இயக்கும். கணினி இல்லாத வீட்டார், குறிப்பிட்ட உரையாடலைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' என்பதன் மூலம் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். மிக நீண்ட உரையாடலாயின் அண்மைய பகுதி மட்டுமே அவ்வாறு வரும். ஆகவே அருமையான வொய்ஸ்களைத் தேடிப் பிடித்து, நம்பிக்கையான இன்னொரு உறவினருக்கும் அனுப்பி வைப்பது புத்திசாலித்தனம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஐபோன்

நமக்குக் கிடைக்கும் ஐபோன்களில் கணிசமானவை மத்திய கிழக்கிலிருந்து வருகின்றன. அதில் இப்போது புதிதாக ஒரு விடயம் உண்டு. 2025 செப்டெம்பரில் வெளியான ஐபோன் 17 வரிசை போன்கள், சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் சிம் போடும் தட்டே இல்லாமல் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் 2022இன் ஐபோன் 14 முதலே இப்படித்தான். இவற்றில் இ-சிம் மட்டுமே வேலை செய்யும். அதாவது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியப்படும் சிம். கையிலுள்ள சிம் அட்டையை இ-சிம்மாக மாற்ற உங்கள் தொலைபேசி நிறுவனத்தை நாட வேண்டும். சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியுள்ளதோ அவரைக் கேட்கக்கூடும். மௌத்தான வாப்பாவின் பெயரிலேயே இன்னும் சிம்மைப் பாவிப்பவர்கள் இதை முதலில் சீர்செய்து கொள்ளட்டும்.

பாவித்த ஐபோன் வருகிறதென்றால் இன்னொரு பூட்டைக் கவனிக்க வேண்டும். முன்னைய உரிமையாளர் தனது அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்துவிட்டால், போனை அழித்தாலும் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக் கொள்ளும். 2013 முதல் ஐபோன்களில் இருக்கும் திருட்டுத் தடுப்பு முறை இது. வாங்குமுன் உங்கள் கண்முன்னே வெளியேறச் சொல்லுங்கள். நம் நாட்டில் வாங்குவதாயின், *#06# என அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்று அறியலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு கணக்கு விடயத்தில் நடக்கிறது. உம்மாவின் ஐபோனை மகன் தன்னுடைய அப்பிள் கணக்கிலேயே திறந்து கொடுத்துவிடுகிறார். அவசரத்தில் அது இலகுதான். ஆனால் அதன் பிறகு உம்மா வீட்டில் எடுக்கும் படங்கள் மகனின் போனிலும், அவர் தங்கியிருக்கும் அறையின் ஐபேட்டிலும் தெரியலாம். இரண்டு பேருடைய இலக்கங்களும் கலக்கலாம். மகன் அங்கே கடவுச்சொல்லை மாற்றினால் உம்மா இங்கே தடுமாறுவார். வீட்டுப் பெண்களின் படங்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை. உம்மாவுக்கு அவருடைய பெயரிலேயே தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதியோடு வையுங்கள்.

புதிய வீட்டில் முதல் வாரம்

தொழுகை நேரச் செயலியை இறக்கியவுடன் அதை நம்பி விடாதீர்கள். நேரத்தைக் கணிக்கும் முறைகள் பல. புதிதாக இறக்கும் செயலி உங்கள் பழைய போனிலிருந்த முறையில் இருக்குமென்று சொல்ல முடியாது. அஸர் நேரத்தைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படியா, ஹனஃபி மத்ஹபின்படியா அது அமைக்கப்பட்டுள்ளது? நமதூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஐந்து வக்தையும் ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே பாங்கொலியைத் திறந்துவிடுங்கள். நோன்பு காலத்தில் இதன் பாரதூரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிப்லா பார்க்கும்போது காந்தம் வைத்த கவரைக் கழற்றிவிடுங்கள். காந்தம் திசைகாட்டியைப் பிசகச் செய்யும்.

ஒவ்வொரு செயலியும் முதலில் அனுமதி கேட்கும். நீங்கள் இருக்கும் இடம், படங்கள், ஒலிவாங்கி என்று கேட்டுக் கொண்டே போகும். உலகெங்கும் முஸ்லிம்கள் பாவித்த தொழுகை நேரச் செயலி ஒன்றிலிருந்து இருப்பிடத் தரவுகள் தரகு நிறுவனத்துக்குச் சென்றதாக 2020 நவம்பரில் செய்தி வெளியாகி, அச்செயலியின் உரிமையாளர்கள் அந்தத் தரகரோடான தொடர்பைத் துண்டித்தார்கள். தொழுகை நேரத்துக்கு உங்கள் ஊரின் பெயர் போதும். தெருவும் வீடும் தேவையில்லை.

வங்கிச் செயலிகள் பலவற்றைப் புதிய போனில் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அது முடியும்வரை பழைய போனில் உள்ளதை அழிக்க வேண்டாம்.

பிள்ளைகளின் போனைக் கூகுளின் 'ஃபமிலி லிங்க்' மூலம் கட்டுப்படுத்தி வந்தவர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்: பிள்ளை ஐபோனுக்கு மாறினால் அந்தக் கட்டுப்பாடு பழையபடி கூடவே வராது. ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது. அதைப் புதிதாக அமைக்க வேண்டும். போன் மாறிய அன்றே வேலி விழுந்துவிட்டது என்பதைப் பிள்ளை அறிவான், தாய் அறியமாட்டாள்.

வயதானவர்களுக்கு மாறுவது மனச் சோர்வைத் தரும். அண்ட்ரொய்டில் கீழே பின்செல்லும் பொத்தான் ஒன்று இருந்தது. ஐபோனில் அது கிடையாது. திரையின் இடது ஓரத்திலிருந்து விரலால் தள்ள வேண்டும். இதை ஒருநாள் முழுவதும் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். தமிழ், அரபு விசைப்பலகைகள் ஐபோனிலேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் சேர்த்துக் கொடுத்தால் போதும். உம்மா தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டால் சினந்து பேசாதீர்கள். பழைய போனை அவர் எவ்வளவு சிரமப்பட்டுப் பழகினார் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழைய போன் யார் கைக்கு?

மத்ரஸாவில் பெண்கள் வகுப்பு முடிந்ததும் சிலர் கேட்பதுண்டு: "ஹஸரத், பழைய போனை ஏழைப் பிள்ளையொன்றுக்கு ஸதகாவாகக் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். நல்ல காரியம். ஆனால் உள்ளேயிருக்கும் அமானிதத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பெண்கள் வீட்டுக்குள் மறைவின்றி எடுத்த படங்கள், கல்யாண வீட்டுப் பெண்கள் பகுதியின் வீடியோக்கள், பிறருடைய குடும்ப இரகசியங்கள், இவையெல்லாம் நமது போனில் இருக்கின்றன. அவற்றில் பலவும் நம்முடையவை மட்டுமல்ல, நம்மை நம்பி அனுப்பிய மற்றப் பெண்களுடையவை. போனைக் கடையில் கொடுத்து, இரகசிய எண்ணையும் சொல்லி, "எல்லாத்தையும் மாத்தித் தாங்க தம்பி" என்று விட்டுவிட்டு வருகிறோம். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். வீட்டின் எல்லா அறைகளின் திறப்பையும் ஓர் அந்நியரிடம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போவோமா? மேலே சொன்ன வேலையை வீட்டில் மகளோ, சகோதரனோ, கணவரோ செய்ய முடியும்.

மாற்றியவுடன் பழைய போனை அழிக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் அலுமாரியில் வையுங்கள். "அது எங்கே?" என்ற கேள்விகள் அந்த ஒரு மாதத்தில்தான் வரும். பின்னர் மெமரி காட்டை வெளியே எடுங்கள். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். அதன் பிறகு செட்டிங்ஸில் முற்றாக அழிக்கும் கட்டளையைக் கொடுங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது அழிப்பதாகாது. அழித்த படங்கள் குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் கிடக்கும்.

கணக்கிலிருந்து வெளியேறாமல் கொடுத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஐபோனிலும் கூகுள் போட்டோஸைப் பாவிப்பீர்களானால், இன்று நீங்கள் எடுக்கும் படம் நாளை அந்தப் பழைய போனிலும் தெரியும். போன் போய்விட்டது, யன்னல் திறந்தே இருக்கிறது!

அதேவேளை பழைய கூகுள் கணக்கை அநாதையாக விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு வருடங்கள் தொடப்படாத தனியார் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் கொண்டு வந்துள்ளது. அதில் பழைய படங்கள் இருந்தால் இடைக்கிடை திறந்து பாருங்கள்.

மறுபுறம் போவோருக்கு

ஐபோனிலிருந்து அண்ட்ரொய்டுக்கு வருவோருக்கும் இதே ஒழுங்குதான். வட்ஸ்அப்பை மாற்றுவதற்கு இரண்டு போன்களையும் இணைக்கும் கேபிள் தேவைப்படும். 2023 செப்டெம்பரில் வந்த ஐபோன் 15க்கு முந்தியவற்றின் வாய் வேறு அமைப்பு என்பதால் பொருத்தமான கேபிளைத் தேடி வைத்துக் கொள்ளுங்கள். சிம்மைக் கழற்றுமுன் ஐபோனின் செட்டிங்ஸில் 'ஐமெசேஜ்' என்பதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால், லண்டனிலோ மெல்பேர்னிலோ ஐபோன் வைத்திருக்கும் உறவினர் அனுப்பும் குறுஞ்செய்தி உங்களுக்கு வராமல் பழைய வாசலிலேயே நிற்கலாம். இந்தச் சிக்கல் பலருக்கும் ஏற்பட்டதால், 2014 நவம்பரில் இலக்கத்தை விடுவிக்கும் வசதியொன்றையும் அப்பிள் தனியாக ஏற்படுத்தியது.

மாறத்தான் வேண்டுமா?

கடைசியாக, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பழைய போன் வேலை செய்கிறதா? உங்கள் தேவைக்குப் போதுமா? அப்படியாயின் அயல்வீட்டார் மாறிவிட்டார்கள் என்பதற்காகவோ, கல்யாண வீட்டில் கையில் தெரிய வேண்டும் என்பதற்காகவோ மாற வேண்டாம். பழுதாகிவிட்டது, புதுப்பிப்புகள் நின்றுவிட்டன, அன்பளிப்பாகக் கிடைத்தது என்பன நியாயமான காரணங்கள். மாறுவதும் மாறாமலிருப்பதும் உங்கள் தேவையைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் மனதில் இருத்துங்கள். இந்த இரண்டு நாடுகளும் நிரந்தரமானவை அல்ல. ஒரு காலத்தில் பெரிய மனிதர்களின் கையில் மட்டும் தெரிந்த பிளக்பெரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4இல் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் போன்களில் வட்ஸ்அப் 2019 டிசம்பர் 31உடன் முடிந்தது. அவற்றைப் பாவித்தவர்களும் ஒரு காலத்தில் தங்கள் படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றே நம்பியிருந்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, வருடத்துக்கு ஒருமுறை, நோன்புக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் அந்த நாட்களில், குடும்பத்தின் படங்களையும் குரல்களையும் போனிலிருந்து வெளியே எடுத்து, எந்தக் கொம்பனியின் திறப்பும் தேவைப்படாத ஓரிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஒரு பென் டிரைவ், ஒரு கணினி, தெரிவு செய்த படங்களுக்கு அச்சிட்ட ஓர் அல்பம், இவை போதும். அதன் பிறகு எந்தப் போனுக்கும் மாறுங்கள். உங்கள் பிள்ளைகளின் பிள்ளைகள், தாங்கள் காணாத உம்மும்மாவின் குரலைக் கேட்டு அவருக்காகக் கையேந்துவார்கள், இன்ஷா அல்லாஹ்.